தவக்காலக் கேள்வி பதில்: வேதமும் வீட்டுச் செபமும்

தவக்காலத்தை முன்னிட்டு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். நான் சுவாமியார் அல்ல, திருகோணமலையில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்த ஆள். ஆகவே பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டியதை எனக்கு எழுதவேண்டாம்! மெதடிஸ்த சபை நண்பர்களும் கேட்டிருக்கிறார்கள். நான் கத்தோலிக்கன் என்பதை மனதில் வைத்து வாசியுங்கள்.

ஒவ்வொரு வருடமும் வேதாகமத்தை முதலிலிருந்து தொடங்குகிறேன். லேவியர் ஆகமத்தோடு நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்? (உப்புவெளி, இளைஞர்)

தம்பி, அங்கே நின்றவர்கள் நிறையப் பேர். மாற்கு நற்செய்தியில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், நாளுக்கு ஒன்று. 4ஆம் அதிகாரத்தில் படகும் புயலும் வரும், கடற்கரையில் வளர்ந்த உங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதன்பின் திருப்பாடல்களுக்குப் போகலாம்.

எவ்வளவு வாசித்தோம் என்று கணக்குப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 12ஆம் நூற்றாண்டில் கிகோ என்ற துறவி நான்கு படிகள் சொன்னார்: வாசித்தல், அதை மனதில் அசைபோடுதல், செபித்தல், பிறகு ஒன்றும் பேசாமல் கடவுளோடு இருத்தல். நாங்கள் அவசரமாக வாசித்துவிட்டு நேரே மூன்றாவதுக்குத் தாவிவிடுகிறோம். ஐந்து வசனம் போதும், இரண்டாவது படியில் கொஞ்சம் நில்லுங்கள்.

லேவியரையும் அடியோடு விட்டுவிடாதீர்கள். 19ஆம் அதிகாரத்தை மட்டும் எடுத்து வாசியுங்கள். உன்மேல் அன்புகூர்வதுபோல் அயலான்மேலும் அன்புகூர் என்பது அங்கேதான் இருக்கிறது. கூலிக்காரனின் கூலியை விடியும்வரை வைத்திருக்காதே என்பதும் அங்கேதான்.

மீன் வியாபாரம் செய்கிறேன். சந்தையில் எல்லாரும் தராசில் கொஞ்சம் விளையாடுவார்கள். நான் மட்டும் நேராக நிறுத்தால் கட்டாது. காணிக்கை ஒழுங்காகப் போடுகிறேன். (பெயர் வேண்டாம் என்றார்)

மேலே சொன்ன அதே லேவியர் 19, 35ஆம் 36ஆம் வசனங்கள்: நேரான தராசு, நேரான படிக்கல். நீதிமொழிகள் 11:1 கள்ளத்தராசைக் கடவுளுக்கு அருவருப்பு என்கிறது. காணிக்கை இதை ஈடுசெய்யாது அண்ணை. நற்செய்தியில் வருகிற வரிதண்டுபவர் சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காக ஏமாந்தவர்களுக்கே திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார், கோயில் உண்டியலில் போடுவதாகச் சொல்லவில்லை. கட்டாவிட்டால் கிலோவுக்கு விலையைக் கூட்டிச் சொல்லுங்கள். அது வெளிப்படையான வியாபாரம், வாங்குகிறவர் வேண்டாம் என்று போகலாம்.

புதுவருட ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்தம் எரேமியா 29:11. நல்ல எதிர்காலம் தருவேன் என்று. வருடம் முழுக்க ஒன்றும் சரிவரவில்லை. விசுவாசம் குறைவோ? (பாலையூற்று, சகோதரி)

விசுவாசக் குறைவு இல்லை தங்கச்சி. வாக்குத்தத்த அட்டையில் ஒரு வசனம்தான் கொள்ளும், அதுதான் சிக்கல். அது ஒரு கடிதத்தின் நடுப்பகுதி. பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதியது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்றொருவர், இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறார். சனத்துக்கு அவரைத்தான் பிடித்திருக்கும். எரேமியாவோ எழுபது வருடம் என்கிறார், அதுவும் உங்கள் வசனத்துக்கு முந்தின வசனத்திலேயே. வாசித்தவர்களில் பலர் திரும்பிவருவதைக் காண உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் அதுவரை என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கிற நகரத்தின் நன்மைக்காக மன்றாடுங்கள் என்கிறார். யாருடைய நகரத்துக்காக? பிடித்துக்கொண்டு போனவர்களின் நகரத்துக்காக! இடம்பெயர்ந்து, திரும்பிவந்து, மறுபடி இடம்பெயர்ந்த குடும்பங்கள் உள்ள எங்கள் மாவட்டத்தில் இந்தக் கடிதத்தை முழுதாக வாசிக்காமல் ஒரு வரியை மட்டும் சுவரில் மாட்டுவது எனக்கு மனவருத்தம். 1 முதல் 14 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். பிறகு இந்தக் கிழமை ஒரு வேலை: உங்கள் ஒழுங்கையில் இருக்கிற எல்லா வீட்டுக்காகவும் பெயர் சொல்லிச் செபியுங்கள். சைவ வீடு, முஸ்லிம் வீடு, சிங்கள வீடு எல்லாம்.

போர்க்காலத்தில் என் மகனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வரவில்லை. நவம்பரில் இறந்தவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறபோது அவன் பெயரைக் கொடுப்பதா, விடுவதா? கொடுத்தால் நானே அவனைச் சாகடித்ததுபோல் இருக்கிறது. (ஒரு தாய்)

அம்மா, நீங்கள் முடிவெடுக்கத் தேவையில்லை. திருச்சபைச் சட்டப்படி உயிரோடிருப்பவருக்காகவும் பூசை ஒப்புக்கொடுக்கலாம், இறந்தவருக்காகவும் ஒப்புக்கொடுக்கலாம். சுவாமியாரிடம் அவனுடைய பெயரை மட்டும் கொடுத்து, "இவனுக்காக" என்று சொல்லுங்கள். ஆத்துமசாந்தி என்று எழுதவேண்டாம், சுகமாகத் திரும்ப என்றும் எழுதவேண்டாம். அவன் எங்கே இருக்கிறான் என்று ஆண்டவருக்குத் தெரியும், செபம் அங்கே போய்ச்சேரும். நவம்பர்தான் என்றில்லை. அவன் பிறந்தநாளில் கொடுங்கள்.

இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள், கோபம் வருகிறது, செபிக்க வாய் வருவதில்லை என்று. 88ஆம் திருப்பாடலை எடுங்கள். மற்றப் புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். 13ஆவதும் அப்படித்தான், "எத்தனை நாள்" என்று தொடங்கிப் புகழ்ச்சியில் முடியும். 88 திரும்பாது, இருளிலேயே முடியும். அதையும் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள். நன்றி சொல்லுங்கள், எல்லாம் நன்மைக்கே என்று உங்களிடம் யாராவது வந்தால், அவர்களுக்கும் அந்தப் பாட்டைக் காட்டுங்கள்.

மகன் பரீட்சை பாஸ் பண்ணினால் மடு மாதா கோயிலுக்கு நடந்து வருவதாக நேர்ந்தேன். பாஸ் பண்ணிவிட்டான். எனக்கு இப்போது முழங்கால் வருத்தம். (மூதூர்)

நேர்ச்சை விளையாட்டல்ல, வேதாகமத்தில் சபை உரையாளர் நூலின் 5ஆம் அதிகாரம் அதில் கண்டிப்பாக இருக்கிறது. ஆனால் வழி உண்டு. தனிப்பட்ட நேர்ச்சையை அதற்குச் சமமான அல்லது அதைவிட மேலான நற்செயலாக நீங்களே மாற்றிக்கொள்ளலாம். நியாயமான காரணம் இருந்தால் பங்குத்தந்தை அதிலிருந்து விடுவிக்கவும் முடியும். பஸ்ஸில் மடுவுக்குப் போய், நடக்காமல் விட்டதற்குப் பதிலாக ஒரு பிள்ளைக்குக் கொப்பி, புத்தகம் வாங்கிக் கொடுங்கள். எதற்கும் சுவாமியாரிடம் ஒருமுறை கதையுங்கள், மனதும் ஆறும்.

பக்கத்து வீட்டு அக்கா கோயில் படையலைக் கொண்டுவந்து தருகிறார். வாங்கலாமா? (பலர்)

பவுல் 1 கொரிந்தியர் 8ஆம், 10ஆம் அதிகாரங்களில் இதையே பேசுகிறார். பரிமாறியதைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு, ஆனால் இது படைத்தது என்று ஒருவர் சொன்னால் அவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே என்கிறார். தைப்பொங்கலுக்கு வருகிற பொங்கலும் வடையும் அயலவரின் அன்பு, பயமில்லாமல் சாப்பிடுங்கள். படையல் என்று சொல்லித் தந்தால், "அக்கா, நாங்கள் இதைச் சாப்பிடுவதில்லை, குறை நினைக்காதீர்கள்" என்று முகம்பார்த்துச் சொல்லலாம். வாங்கிக் குப்பையில் போடுவதைவிட அது மரியாதை. சொல்லுகிற விதத்தில் ஒரு நட்பும் முறியாது.

அப்புறம் நாங்கள் கொடுப்பதையும் யோசியுங்கள். கிறிஸ்மஸ் கேக்கில் பிராண்டி விட்டிருந்தால் முஸ்லிம் வீட்டுக்கு அதை அனுப்பாதீர்கள். வேறாக ஒன்று செய்யுங்கள்.

எனக்கு 63 வயது, சீனி வருத்தமும் உண்டு. ஒருசந்தி (நோன்பு) இருக்கவேண்டுமா?

வேண்டாம். நோன்புக் கடமை 18 வயதில் தொடங்கி, 60ஆவது வயது தொடங்கும்போது முடிகிறது. நோயாளிக்கு எந்த வயதிலும் கட்டாயமில்லை. திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும்தான் கட்டாய நாட்கள், ஒரு முழுச்சாப்பாடும் இரண்டு சிறிய சாப்பாடும் எடுக்கலாம். இறைச்சி விலக்குவது 14 வயதிலிருந்து.

இதில் எங்கள் ஊருக்கு ஒரு சிரிப்பு இருக்கிறது. வெள்ளிக்கிழமை இறைச்சியை விட்டுவிட்டுப் பாரைமீன் குழம்பும் இறால் பொரியலும் சாப்பிடுகிறோம். சட்டம் மீறப்படவில்லை, ஒறுத்தல்தான் எங்கே என்று தெரியவில்லை. எசாயா 58 பசித்தவனோடு உணவைப் பகிர்வதே நோன்பு என்கிறது. சோறும் பருப்பும் சாப்பிட்டு, மிச்சக் காசை ஒரு வீட்டுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

கணவர் மெதடிஸ்த, நான் கத்தோலிக்க. இரவில் ஒன்றாகச் செபிக்க முடியவில்லை, செபமாலை எடுத்தால் அவர் எழும்பிவிடுகிறார்.

ஒன்றாக இருக்கிற நேரத்தில் இருவருக்கும் சொந்தமானதைச் செய்யுங்கள்: ஒரு திருப்பாடல், ஒரு நற்செய்திப் பகுதி, கர்த்தர் கற்பித்த செபம். அவருடைய வேதாகமத்தில் 66 நூல்கள், உங்களுடையதில் தோபித்து, சீராக் முதலியவற்றோடு 73. 150 திருப்பாடல்களும் இரண்டிலும் உண்டு. செபத்தின் கடைசியில் அவர் "ராச்சியமும் வல்லமையும் மகிமையும்" என்று தொடர்ந்தால் நீங்களும் சேர்ந்து சொல்லலாம், அந்த வார்த்தைகள் எங்கள் பூசையிலும் சற்றுத் தள்ளி வருகின்றனதானே. செபமாலையைத் தனியாகச் சொல்லுங்கள். அவரை இழுக்காதீர்கள்.

ஞாயிறு காலையில் மகளுக்கு ரியூசன்.

சனி பின்னேரப் பூசை ஞாயிறு கடமைக்குச் செல்லும். ஓய்வுநாள் மனிதருக்காகத்தான். அதற்காக வாரத்தின் ஏழு நாளும் அந்தப் பிள்ளையை ஓடவிடாதீர்கள். ஞாயிறு பின்னேரம் கடற்கரைக்காவது கூட்டிக்கொண்டு போங்கள்.

இந்தச் செபத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கெடுதி வரும் என்று வட்ஸ்அப்பில் வருகிறது.

அழித்துவிடுங்கள்.

செபமாலை சொல்லும்போது மூன்றாவது பத்துமணியிலேயே (பத்து மணிகள் கொண்ட பகுதி) நித்திரை வந்துவிடுகிறது. பாவமா? (சாம்பல்தீவு)

பாவமில்லை. குழந்தை இயேசுவின் புனித தெரேசாவே செபத்தில் தூங்கிப்போவதைப் பற்றி எழுதியிருக்கிறார். தூங்கும் பிள்ளையையும் பெற்றோர் நேசிப்பார்கள்தானே என்பது அவருடைய கணக்கு. ஆனால் அவர் கன்னியர்மடத்தில் இருந்தார், நீங்கள் இரவு நாடகங்கள் எல்லாம் முடிந்தபிறகு செபமாலையைத் தொடங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். நாடகம் தொடங்குமுன் சொல்லிப் பாருங்கள்.