பேத்தியின் தொடையில் ஊதா வீக்கம்: பிளேட்லெட் ஏன் ஏற்றவில்லை?

கேள்வி: என் பேத்திக்கு இரண்டரை மாதம். பிறந்தபோதே இடது தொடையில் கன்றிப்போன மாதிரி ஊதாத் திட்டு இருந்தது. பக்கத்துக் கிளினிக்கில் "மச்சம்தான், தானா மறைஞ்சிடும்" என்றார்கள். ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் பிறகு வீங்கியதால், ஊசி வீக்கம் என்று ஒத்தடம் கொடுத்தோம். போன வாரம் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது தொடை கல்லாக இறுகி, கொதித்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பிளேட்லெட் 14,000 என்றார்கள். ஆனால் பிளேட்லெட் ஏற்றவில்லை, சதை எடுத்தும் பார்க்கவில்லை, எம்.ஆர்.ஐ.க்கு மட்டும் நாள் குறித்திருக்கிறார்கள். ஏதோ 'கபோசிபார்ம்' என்கிறார்கள். மருமகன் போனில் தேடிவிட்டு, எய்ட்ஸா என்று நடுங்குகிறார். பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: முதலில் மருமகன் கையிலிருந்து அந்த போனை வாங்கி வையுங்கள். அவர்கள் சந்தேகிப்பது கபோசிபார்ம் ஹெமாஞ்சியோஎண்டோதீலியோமா என்ற அரிய ரத்தக்குழாய்க் கட்டி. மைக்ரோஸ்கோப்பில், எய்ட்ஸோடு சேர்த்துப் பேசப்படும் கபோசி சார்கோமா என்ற புற்றுநோய் போலத் தெரிவதால் 1993-ல் வைத்த பெயர், அவ்வளவுதான், எச்.ஐ.வி.க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நுரையீரல், கல்லீரல் என்று ஓடிப் பரவும் ரகமும் அல்ல, ஆனால் இருக்கும் இடத்தில் தோல், கொழுப்பு, தசை என்று எல்லாவற்றுக்குள்ளும் வேர்விடும்.

கிளினிக்கில் சொன்னது சாதாரண ஹெமாஞ்சியோமா என்ற ரத்தக்குழாய் மச்சத்துக்குப் பொருந்தும். அது பெரும்பாலும் பிறந்து சில வாரங்களில் தலைகாட்டும், செக்கச்செவேல் என்றிருக்கும், சில மாதம் வளர்ந்து பிறகு மெல்லச் சுருங்கும். ஊதா நிறம், கல் போன்ற இறுக்கம், எங்கே முடிகிறது என்று விரலுக்குப் பிடிபடாத ஓரம், இதெல்லாம் அதில் சேராது. நீங்கள் உள்ளங்கையில் உணர்ந்த அந்தச் சூடும் இறுக்கமும்தான் பெரிய துப்பு.

சரி, பிளேட்லெட். இந்தக் கட்டி பிளேட்லெட்டுகளைத் தனக்குள் பிடித்துவைத்துக் கரைத்துவிடுகிறது. 1940-ல் கசபாக், மெரிட் என்ற இரு டாக்டர்கள் எழுதிவைத்ததால் கசபாக்-மெரிட் நிகழ்வு என்று பெயர். வெளியிலிருந்து ஏற்றினால் அதையும் விழுங்கிக் கட்டி இன்னும் வீங்கலாம், அதனால் ரத்தக்கசிவு இருந்தாலோ ஆபரேஷனுக்கு முன்போதான் ஏற்றுவார்கள். எண்ணிக்கையைப் பார்த்துப் பதறுவது டெங்குவில் வந்த பழக்கம்! பப்பாளிச் சாறு வேண்டவே வேண்டாம், இந்த வயதில் தாய்ப்பாலைத் தவிர எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். ஃபைப்ரினோஜன் (ரத்தம் உறைய உதவும் புரதம்), டி-டைமர் (உறைந்த ரத்தம் கரையும்போது வரும் துணுக்கு) அளவு என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஃபைப்ரினோஜன் இறங்கி டி-டைமர் ஏறியிருந்தால் சந்தேகம் வலுக்கும்.

சதை எடுத்துப் பார்ப்பதுதான் உறுதியான வழி, ஆனால் 14,000-ல் கத்தி வைத்தால் ரத்தம் நிற்குமா? தோலின் தோற்றம், ரத்தப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. மூன்றும் ஒத்துப்போனால் பல நேரம் அதை வைத்தே மருந்தைத் தொடங்கிவிடுவார்கள், பெரும்பாலும் கட்டியின் வளர்ச்சியை அடக்கும் சிரோலிமஸ், கூடவே ஸ்டீராய்டு. படம் தெளிவில்லாவிட்டால் பிறகு சதை எடுத்து குளுட்-1 என்ற புரதத்தைக் காட்டும் சாயம் போட்டுப் பார்ப்பார்கள்: சாதாரண ஹெமாஞ்சியோமா அதில் நிறம் பிடிக்கும், இது பிடிக்காது.

எம்.ஆர்.ஐ.க்குப் பயப்படாதீர்கள், கதிர்வீச்சு கிடையாது. இவ்வளவு சின்னக் குழந்தையைப் பால் கொடுத்துத் துணியில் சுற்றித் தூங்கவைத்தே எடுக்க முடிகிறதா என்று கேளுங்கள். அப்புறம், எண்ணெய் தேய்த்து அந்தத் தொடையை உருவ வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம். அடுத்த தடுப்பூசியை இந்த டாக்டர்களைக் கேட்காமல் போடாதீர்கள். புதிதாகச் சிவப்புப் புள்ளிகள் வந்தாலோ, மூக்கிலோ மலத்திலோ ரத்தம் தெரிந்தாலோ நர்ஸை உடனே கூப்பிடுங்கள், நடுராத்திரி என்று பார்க்காதீர்கள்.