தவணையை யூனிட்டில் எண்ணிப் பாருங்கள்

கேள்வி: கரண்ட் பில் மாதம் 300 யூனிட்டைத் தாண்டுகிறது. பழைய ஃபிரிட்ஜ்தான் காரணம் என்கிறார் மைத்துனர். பிளக்கில் மாட்டினால் ஒரு சாதனம் இழுக்கும் கரண்டைக் காட்டும் பிளக் மீட்டரை மாட்டிக் காட்டினார். 150 வாட் ஓடியது. வட்டியில்லாத் தவணையில் புது ஃபிரிட்ஜ் எடுத்தால், மிச்சமாகும் பில்லிலேயே தவணையைக் கட்டிவிடலாம் என்கிறார். பழையது நன்றாக ஓடுவதால் மாடியில் வைத்துக்கொள்ள யோசனை. ஏசிக்கும் டிவிக்கும் ஏற்கெனவே தவணை போகிறது. ஏசியும் இதே காரணம் சொல்லி வாங்கியதுதான். பில்லைக் குறைக்கும் என்று அவர் தந்த 'பவர் சேவர்' ஒன்றும் மாட்டியிருக்கிறோம். வெந்நீர் ஹீட்டர் சுவிட்சை அணைக்கும் வழக்கமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ஏசி வந்த பிறகு பில் குறைந்ததா? குறைந்திருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது. இன்னும் கைக்கு வராத மிச்சத்தை நம்பித் தவணைக்குக் கையெழுத்துப் போடுகிறீர்களே, அந்தப் பழக்கம்தான் உங்கள் சம்பளத்தை அரிக்கிறது. ஃபிரிட்ஜ் பாவம்.

ஃபிரிட்ஜுக்கான மாதத் தவணைத் தொகையை ஒரு யூனிட் விலையால் வகுத்தேன். யூனிட் கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறுமே, அதில் உச்சப் படியின் விலையையே எடுத்துக்கொண்டேன், மைத்துனருக்குச் சாதகமாகவே இருக்கட்டும் என்று. 210 யூனிட் வந்தது. அதாவது மாதம் 210 யூனிட் மிச்சம் பிடித்தால்தான் தவணைக்குச் சரியாகும். அவர் காட்டிய 150 வாட்டை 24 மணி நேரம், 30 நாள் என்று பெருக்கினாலும் பழைய ஃபிரிட்ஜ் எடுப்பதே 108 யூனிட்தான். புதியது கரண்டே இல்லாமல் ஓடினாலும் பாதித் தவணைதான் தேறும்!

அந்த 108-ம் தப்பு. வாட் என்பது அந்த நொடியின் இழுவை. கம்ப்ரஸர் ஓடும்போது 150 காட்டும், நின்றதும் சில வாட்டுக்கு இறங்கிவிடும். நீங்கள் பார்க்க வேண்டியது கிலோவாட் மணி என்று ஏறிக்கொண்டே போகும் எண்ணை, அதுதான் யூனிட். 48 மணி நேரம் மாட்டி வைத்து, கதவை வழக்கம்போலத் திறந்து மூடுங்கள். ஃபிரிட்ஜுக்குள் பனி கரைக்கும் ஹீட்டர் எப்போதாவதுதான் ஓடும், அரை மணி நேரம் பார்த்தால் அது சிக்காது. கம்ப்ரஸர் பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்தால் மாதம் 54 யூனிட். புதியது 25 எடுத்தால் மிச்சம் 29. பழையதை மாடியில் ஓடவிட்டால் அந்த 29-ம் போய், பில்லில் 25 யூனிட் கூடும்.

'வட்டியில்லா' என்ற சொல்லையும் அப்படியே நம்பாதீர்கள். செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, ரொக்கம் கொடுத்தால் எவ்வளவு குறைப்பார்கள் என்று கேளுங்கள். வட்டி அங்கே ஒளிந்திருக்கும்.

பவர் சேவரைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலும் உள்ளே இருப்பது ஒரு கெப்பாசிட்டர். கம்பியைக் கவ்விப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் குறைவதைக் காட்டி விற்பார்கள். வீட்டு மீட்டர் எண்ணுவது யூனிட்டை; ஆம்பியர் இறங்கினால் யூனிட் இறங்கிவிடாது.

முதலில் செலவில்லாத சோதனை ஒன்று. எலக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும், 3200 என்பதுபோல. இரவில் எல்லாரும் படுத்த பின், ஃபிரிட்ஜையும் சற்று அணைத்துவிட்டு எண்ணுங்கள். என் வீட்டில் 10 சிமிட்டலுக்கு 90 விநாடி ஆனது. 3200-க்கு அது 125 வாட், மாதம் 90 யூனிட், யாரும் எதையும் பயன்படுத்தாமலே! மோடம், இரண்டு செட்டாப் பாக்ஸ், மீதி முழுக்க நொந்துபோன இன்வெர்ட்டர் பேட்டரி. அன்றுவரை நானும் ஃபிரிட்ஜைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டில் நான் முதலில் சந்தேகப்படுவது வெந்நீர் ஹீட்டரை. 2000 வாட் ஹீட்டர் அரை மணி ஓடினாலே ஒரு யூனிட். சுவிட்ச் போட்டபடியே இருந்தால், தண்ணீர் ஆற ஆற அது தானே சூடாக்கிக்கொண்டிருக்கும். இதைப் பிளக் மீட்டரில் மாட்டும் முன் மீட்டர் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று பாருங்கள். சிறிய மீட்டர் உருகிவிடும். சுவரோடு இணைத்த ஹீட்டரானால் சிமிட்டலை எண்ணுவதே வழி.

மைத்துனரிடம் அந்த மீட்டரை இரண்டு நாள் இரவல் வாங்குங்கள். 48 மணி நேர எண்ணை எனக்கு எழுதுங்கள். அதுவரை கடைப் பக்கம் போக வேண்டாம்.