ஜெர்மனியில் வாடகைக் கார், நாகர்கோவிலில் வழக்கா?

கேள்வி: மகளைப் பார்க்க ஜெர்மனி போனோம். மியூனிக்கில் எட்டு நாளுக்கு எலெக்ட்ரிக் கார் வாடகைக்கு எடுத்து ஆஸ்திரியா வரை ஓட்டினேன். நாகர்கோவில் டிராவல்ஸ் மூலம்தான் புக்கிங். திருப்பிவிட்டபோது ஞாயிறு இரவு. ஆபீஸ் பூட்டியிருந்ததால் சாவியைப் பெட்டியில் போட்டோம். ஊர் வந்து ஆறு வாரம் கழித்து என் கிரெடிட் கார்டில் மூன்று முறை பணம் எடுத்துவிட்டார்கள்: சார்ஜிங்குக்கு 148 யூரோ, குறைந்த சார்ஜில் விட்டதற்கு 40, அடிப்பாகச் சேதத்துக்கு 1,150. ஓ.டி.பி. கூட வரவில்லை. கவுண்டரில் இருந்தவர் முதலிலிருந்தே எங்களை மதிக்கவில்லை. ஐந்து வாரத்துக்கு முன் மோசடி என்று வங்கியில் புகார் கொடுத்தேன். கார்டு பில்லையும் கட்டவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாமா?
— தக்கலை வாசகர்

பதில்: கவுண்டர்காரர் மதிக்காததற்கு எந்த ஆணையமும் யூரோவில் பணம் தராது. பார்க்க வேண்டியது ஒன்றுதான். காரை எடுக்கும்போது நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில், பின்னால் வரும் செலவுகளை அதே கார்டில் எடுக்கலாம் என்று ஒரு வரி இருக்கும். எடுத்துப் பாருங்கள். அந்த வரி இருந்தால் இது மோசடி அல்ல, தொகைத் தகராறு. ஓ.டி.பி. வராததும் உதவாது, வெளிநாட்டு வியாபாரி தன்னிடம் பதிவான கார்டில் எடுக்கும்போது அது வருவதில்லை.

இந்த இடத்தில்தான் ஆட்கள் விழுகிறார்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையைப் படித்துவிட்டு, மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நஷ்டம் நம் பொறுப்பில்லை என்று நம்பி, "நான் செய்யாத பரிவர்த்தனை" என்ற கட்டத்தில் டிக் போடுகிறார்கள். வங்கி தற்காலிகமாகப் பணத்தை வரவு வைக்கும். பிறகு கார் கம்பெனி உங்கள் கையெழுத்துள்ள ஒப்பந்தத்தை அனுப்பும். வரவு வைத்த பணம் திரும்பிப் போகும். அதோடு "நான் செய்யவில்லை" என்று நீங்களே எழுதிக்கொடுத்த காகிதம் வங்கிக் கோப்பில் நிற்கும். நாளை ஆணையத்தில் குறுக்கு விசாரணையில் அதைத்தான் முதலில் நீட்டுவார்கள். இதே வாக்கியத்தோடு சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் போடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

பில் கட்டாதது அதைவிட மோசம். மோசடி என்று தகராறு செய்த தொகைக்கு முடிவு வரும்வரை கட்டணம் போடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் கார்டு விதி. அது அந்த மூன்று தொகைகளுக்கு மட்டும். நீங்கள் மொத்த பில்லையும் நிறுத்தியிருக்கிறீர்கள். மற்ற செலவுக்கு வட்டி ஓடுகிறது, புதிதாகத் தேய்த்ததற்கும் வாங்கிய நாளிலிருந்தே ஓடும், சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். உங்கள் தலைவலி மியூனிக்கில் இல்லை, வங்கியில் இருக்கிறது. இன்றே முழு பில்லையும் கட்டுங்கள். கட்டினால் உரிமை போய்விடாது.

அடுத்து வங்கிக்கு எழுத்தில் திருத்தம் கொடுங்கள்: மோசடி அல்ல, தொகையில் தகராறு. வீசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் பெரும்பாலான தகராறுகளுக்கு 120 நாள் கெடு. ஐந்து வாரம் போய்விட்டது.

இனி தொகைகள். நாற்பது யூரோவை மறந்துவிடுங்கள்; எத்தனை சதவீதத்தில் திருப்ப வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கும், டேஷ்போர்டு போட்டோ எடுத்ததாக நீங்கள் சொல்லவும் இல்லை. 148க்கு ஒவ்வொரு சார்ஜுக்கும் ஆரம்ப நேரம், முடிந்த நேரம், யூனிட் கணக்குக் கேளுங்கள். உங்கள் காரில் இருந்தது 77 யூனிட் பேட்டரி என்றால், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, ஒரே தடவையில் 85-90க்கு மேல் பொதுவாகப் போகாது. 95 என்று வந்தால் பிடியுங்கள். ராத்திரி முழுக்கக் கேபிளைச் செருகி வைத்திருந்தால் நிமிடக் கணக்கில் தனிக் கட்டணம் ஏறியிருக்கும். பல இடங்களில் அந்த நேரம் செருகியதிலிருந்தே எண்ணப்படும், சார்ஜ் நிறைந்ததிலிருந்து அல்ல. அப்படியானால் கட்டித்தான் ஆக வேண்டும்.

சண்டை 1,150க்கு மட்டும். தக்கலை ஒர்க்‌ஷாப்பில் அடிப்பாகக் கீறலை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எலெக்ட்ரிக் காரில் பேட்டரியே அடித்தட்டில் இருக்கிறது. சின்ன உரசலுக்கும் சோதனைச் செலவு வரும். டயர், கண்ணாடி, அடிப்பாகம் மூன்றையும் சாதாரணக் காப்பீடு பெரும்பாலும் விட்டுவிடும். சாவியைப் பெட்டியில் போட்டதும் உங்களுக்கு எதிரானது: ஊழியர் வந்து பார்க்கும்வரை கார் உங்கள் பொறுப்பு என்றே பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. ஆனாலும் கம்பெனியிடம் மூன்று கேளுங்கள்: தேதியுள்ள போட்டோ, ஒர்க்‌ஷாப் பில், சோதித்த நாளும் நேரமும். சோதனைக்கு முன் கார் வேறு ஆளிடம் போயிருந்தால் அவர்கள் வாதம் அங்கேயே ஆட்டம் கண்டுவிடும். அந்தப் பதிலை வைத்துத்தான் வங்கியில் தகராறு நிற்கும். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பு அதிகாரி) போங்கள்.

ஆணையம்? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கட்டிய பணம் ஐந்து லட்சம்வரை கட்டணமும் இல்லை. கெடு இரண்டு வருடம். ஜெயிக்கவும் செய்யலாம். இங்கே ஆபீசோ சொத்தோ இல்லாத கம்பெனியிடம் அந்த உத்தரவை எப்படி நிறைவேற்றுவீர்கள்? டிராவல்ஸ்காரர் "முழு காப்பீடு உண்டு" என்று வவுச்சரிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதியிருந்தால் கதை வேறு. அவருக்கு நோட்டீஸ் விடலாம். வாயால் சொன்னது போதாது.

எழுத்து இல்லையென்றால் சமரசமாகப் போங்கள். கம்பெனி பாதியைத் திருப்பித் தர முன்வந்தால், இனி எந்தத் தொகையும் கேட்கமாட்டோம் என்று மெயிலில் வாங்கிக்கொண்டு சரி சொல்லுங்கள். கார்டை மாற்றும் எண்ணம் இருந்தால், திருப்பித் தரும் பணம் வந்த பிறகு மாற்றுங்கள்.