காயத்தால் சாவது கிராமத்தில் அதிகமா, நகரத்தில் அதிகமா?

கொலையும் வழிப்பறியும் நகரத்தில்தானே அதிகம், பிறகு கிராமம் எப்படி ஆபத்தாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். கொலை விஷயத்தில் உங்கள் ஊகம் சரிதான். ஆனால் விபத்துச் சாவுகள் கொலைகளைவிடப் பல மடங்கு. கணக்கைப் புரட்டிப்போடுவது அதுதான். அமெரிக்காவில் 1999 முதல் 2006 வரை நிகழ்ந்த ஏறத்தாழ 13 லட்சம் காயச் சாவுகளை அலசிய ஆய்வு 2013-இல் வெளியானது. பெருநகரப் பகுதிகளைவிட ஒதுக்குப்புறக் கிராமப் பகுதிகளில் சாகும் அபாயம் 22 சதவீதம் அதிகம். வாகன விபத்தில் மட்டும் பார்த்தால் இரண்டு மடங்குக்கும் மேல்.

நகர நெரிசலில் வண்டி ஊர்ந்துதான் போகும். இடித்தால் பெரும்பாலும் பம்பர் நசுங்குவதோடு சரி. கிராமத்து இருவழிச் சாலையில் நடுத்தடுப்பும் இல்லை, விளக்கும் இல்லை, வேகம் மட்டும் உண்டு. நள்ளிரவில் கார் பள்ளத்தில் உருண்டால் முதலில் யாராவது அதைப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் ஆம்புலன்ஸ். அது போய்ச் சேரும் சிறிய மருத்துவமனையில் அறுவை மருத்துவர் இல்லையென்றால் மறுபடி ஒரு பயணம். வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறவருக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது.

டிராக்டர் கவிழ்ந்து நசுங்குவது தனிக் கதை. ஓட்டுநர் தலைக்கு மேல் உறுதியான பாதுகாப்புச் சட்டமும் இடுப்பில் சீட் பெல்ட்டும் இருந்தால் பெரும்பாலும் தப்பிவிடலாம்.

துப்பாக்கியால் சாவதோ, அதே ஆய்வில், மொத்தத்தில் இரு பக்கமும் பெரிய வித்தியாசமில்லை. எனக்கே அது ஆச்சரியம்தான்.