கிடைக்காவல் நாய்களைக் கோடை வெயிலில் பேணுவது எப்படி?

கேள்வி: திருநெல்வேலி மாவட்டம் மானூர்ப் பக்கம் 80 செம்மறி ஆடுகள் வைத்திருக்கிறேன். காவலுக்கு ஒரு ராஜபாளையம் நாயும், அடர்ந்த முடியுள்ள ஒரு கலப்பின நாயும் உள்ளன. பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்த வயல்களில் இப்போது கிடை போட்டிருக்கிறோம் (உரத்துக்காக ஆடுகளை வயலில் தங்க வைத்திருக்கிறோம்). வெயில் ஏறியதும் இரண்டு நாய்களும் ஆடுகளை விட்டுவிட்டுக் குளத்துச் சேற்றில் போய்ப் படுத்துக்கொள்கின்றன. பகலில் அவற்றைக் கட்டிப்போடலாமா? கலப்பின நாயின் முடியை மழித்துவிடலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெங்கும் வியர்ப்பதில்லை. பெரும்பாலும் நாக்கை நீட்டி இரைத்துத்தான் அது சூட்டை வெளியேற்றுகிறது. ஆகவே குளிர்ந்த தரையைத் தேடிப் போன உங்கள் நாய்களிடம் குற்றமில்லை. அந்தத் தரை ஆடுகளுக்கு அருகில் இல்லாததுதான் குறை.

அறுவடையான வயலில் வரப்போரத்துப் பனையைத் தவிர நிழல் ஏது? பனை நிழலோ நாழிகைக்கு நாழிகை நகர்ந்துவிடும். உச்சிப்பொழுதில் ஆடுகளை உடைமரமோ வேம்போ உள்ள இடத்தில் அமர்த்துங்கள். நாய்களும் தாமாகவே அங்கே படுக்கும். மரமே இல்லாத இடமானால், நான்கு கம்புகளை நட்டு, ஆள் குனிந்து நுழையும் உயரத்தில் பனையோலைத் தட்டி ஒன்றை வேய்ந்து, நான்கு பக்கமும் காற்றுக்குத் திறந்து விடுங்கள். கிடை மாறும்போது அதையும் பெயர்த்துச் சென்றுவிடலாம். தகரமும் தார்ப்பாயும் தாமே சூடேறிக் கீழே இருப்பவற்றை வாட்டுவதால் ஓலைக்கு ஈடாகா. தட்டியின் கீழ் முழங்கையளவு பள்ளம் பறித்து, காலையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி வைத்தால், மேல்மண் காய்ந்த பிறகும் அடிமண் குளிர்ச்சியாக இருக்கும். நாய் தானாகப் பறிக்கும் குழியையும் தூர்க்க வேண்டாம். ஈரச் சாக்கை நாயின் அடியில் விரிக்கலாம். மேலே போர்த்தினால் சூடு வெளியேறாமல் அடைபடும். கட்டிப்போட்ட நாயால் நகரும் நிழலோடு நகர முடியாது என்பதால்தான் அதைக் கூடாது என்கிறேன். ஓடாமலிருக்கக் கழுத்தில் கட்டை தொங்கவிடும் வழக்கம் உங்களிடம் இருந்தால், கோடையிலாவது அதை அவிழ்த்துவிடுங்கள்.

முடியை மழித்தால் வெயில் நேராகத் தோலில் விழும். உதிர்ந்த உள்முடியைச் சீப்பால் வாரி எடுத்து, சடைகளை மட்டும் வெட்டினால் போதும். காற்று உள்ளே புகும். உண்மையில், வெயிலால் தோல் வெந்துபோகும் ஆபத்து உங்கள் ராஜபாளையத்துக்கே அதிகம். வெள்ளை முடியும் இளஞ்சிவப்பு மூக்கும் உள்ள இனம் அது. மூக்கு நுனியும் காது விளிம்பும் சிவந்தோ உரிந்தோ போகின்றனவா என்று பாருங்கள்.

25 கிலோ எடையுள்ள நாய் சாதாரண நாளில் ஒன்றரை லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். சித்திரை வெயிலில் அதைப் போல இரு மடங்கும் தேவைப்படலாம். ஆட்டுத் தொட்டி நாய்க்கு எட்டாமல் போகலாம் என்பதால், வாயகன்ற மண்சட்டியொன்றை நிழலில் பாதி புதைத்து வையுங்கள். தீனியை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பின்னும் கொடுங்கள். உப்புக் கருவாடு வேண்டாம்.

உண்ணி ஏறி இரத்தம் குறைந்த நாய் வெயிலைத் தாங்காது. விரலிடுக்கிலும் காதுக்குள்ளும் வாரம் ஒருமுறை பாருங்கள். ஆட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தை அளவு தெரியாமல் நாய்க்குக் கொடுத்துவிட வேண்டாம். சில நாய்களுக்கு அது நஞ்சாகிவிடும்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38.5 டிகிரி செல்சியஸ். அது 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. ஈறு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் உடனே நிழலுக்குத் தூக்கிச் சென்று, சாதாரணத் தண்ணீரை வயிறு, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் ஊற்றி விசிறுங்கள். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் புகட்டாதீர்கள், புரையேறிவிடும். ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் வெப்பமானி 39.5-க்கு இறங்கியதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தி, 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழையுங்கள், அல்லது ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு செல்லுங்கள். நாய் எழுந்து நடந்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு ஓரிரு நாள் கழித்துத்தான் வெளிப்படுவதுண்டு.