பாதம் மரத்துப்போவதைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள்

தைராய்டு நோய் உடம்பு முழுக்கப் பரவிவிட்டதா என்று கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். இல்லை, பரவிவிடவில்லை. ரத்த அமினோ அமில அறிக்கையில் ஏழெட்டு எண்கள் சிவப்பில் இருப்பதைப் பார்த்து அப்படிப் பயந்திருக்கிறீர்கள். பிறவியிலேயே வரும் வளர்சிதை மாற்றக் கோளாறுகளைக் கண்டுபிடிக்கத்தான் முக்கியமாக அந்தப் பரிசோதனை பயன்படுகிறது. சாப்பிட்டு எத்தனை மணி நேரம் ஆனது என்பதைப் பொறுத்தே அந்த எண்கள் மாறும். எடுத்த ரத்தத்தை உடனே பிரிக்காமல் வைத்திருந்தால் குளூட்டமின் இறங்கும், குளூட்டமேட் ஏறும். உங்கள் அறிக்கையிலும் அதே கதைதான். ஒன்றைத் தவிர மற்றவற்றை விட்டுவிடுங்கள்; அந்த ஒன்றுக்குப் பிறகு வருகிறேன்.

டைரோசின் என்ற அமினோ அமிலம் குறைவு என்பதால் 500 மில்லிகிராம் மாத்திரையை நீங்களே வாங்கி இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறீர்கள். இனி தைராய்டு ஹார்மோன் மாத்திரையான லெவோதைராக்ஸினைக் குறைக்கலாமா என்றும் கேட்கிறீர்கள். கூடாது. தைராய்டு ஹார்மோன் டைரோசினிலிருந்து உருவாகிறது என்று இணையத்தில் படித்தது உண்மைதான். தைரோகுளோபுலின் என்ற புரதத்தில் இருக்கும் டைரோசின்களில் அயோடினை ஏற்றி, அவற்றை இரண்டிரண்டாக இணைத்துத்தான் சுரப்பி ஹார்மோனைச் செய்கிறது. ஆனால் உங்களுக்கு இருக்கும் ஹாஷிமோட்டோ நோயில் தட்டுப்பாடு மூலப்பொருளுக்கு இல்லை. அந்த வேலையைச் செய்யும் சுரப்பியையே உங்கள் நோய் எதிர்ப்பு மண்டலம் சிதைத்துவைத்திருக்கிறது. டைரோசினையோ உடம்பே ஃபினைல்அலனினிலிருந்து தயாரித்துக்கொள்ளும். டைரோசின் மாத்திரையை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள்.

தைராய்டுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் டி.பி.ஓ. எதிர்ப்பொருள் 600-லிருந்து 720 ஆனதற்கும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த எண்ணைப் பார்த்து யாரும் மருந்தின் அளவை மாற்றுவதில்லை.

சரி, இப்போது எனக்குக் கவலை தரும் விஷயம். அறிக்கையில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் 31 இருக்கிறது. பொதுவாக 15-க்குள் இருக்க வேண்டும். கடிதத்தின் கடைசி வரியில், "நாலு மாதமாக இரண்டு பாதமும் மரத்துப்போகிறது, சர்க்கரை இல்லை, அதனால் பரவாயில்லைதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

ஹோமோசிஸ்டீனை மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலமாக மாற்ற வைட்டமின் பி12-ம் ஃபோலேட்டும் வேண்டும். அவை குறைந்தால் அது ரத்தத்தில் தேங்கும். தைராய்டைத் தாக்கும் அதே தன்னுடல் தாக்குதல் சிலருக்கு இரைப்பையின் உட்சுவரையும் தாக்கும். பி12-ஐக் குடல் உறிஞ்ச உதவும் புரதம் அங்கேதான் சுரக்கிறது. அது நின்றுபோனால் எவ்வளவு நன்றாகச் சாப்பிட்டாலும் பி12 ஏறாது. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைவு வெளியே தெரியவே வருடக்கணக்காகும். அதற்குள் அசதி, மறதி, நாக்கு எரிச்சல் எல்லாமே தைராய்டின் கணக்கில் போய்விடும். நரம்பு மட்டும் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கும். காலம் கடந்தால் முழுதாகத் திரும்பாது.

ஹீமோகுளோபின் 12.4 இருக்கிறது என்று ஆறுதல்பட வேண்டாம். முடி கொட்டுவதற்காக நீங்கள் சாப்பிடும் மாத்திரையில் ஃபோலிக் அமிலம், அதாவது ஃபோலேட்டின் மாத்திரை வடிவம், இருக்கிறது. அது ரத்தசோகையைச் சரிக்கட்டி, பி12 குறைவை மறைத்துவிடும்; நரம்பைக் காப்பாற்றாது. அதே மாத்திரையில் 10 மில்லிகிராம் பயோட்டின் என்ற வைட்டமினும் இருக்கிறது. சில ஆய்வக முறைகளில் அது டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு ஹார்மோன் குறைந்தால் இது ஏறும்) அளவைக் குறைத்தும் பி12 அளவைக் கூட்டியும் காட்டும். ஆகவே உங்கள் டி.எஸ்.எச். 2.8 என்பதையும் நான் அப்படியே ஏற்க மாட்டேன். தைராய்டு ஹார்மோன் குறைந்தாலும் ஹோமோசிஸ்டீன் ஏறும், கை கால் மரக்கும். பி12 குறைவா, தைராய்டு ஹார்மோன் குறைவா என்று இரண்டையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

முடி மாத்திரையை நிறுத்திவிட்டு, மூன்று நாள் கழித்து ரத்தம் கொடுங்கள்: டி.எஸ்.எச்., பி12, ஃபோலேட், முழு ரத்த அணுக்கள். பி12 எல்லைக்கோட்டில் இருந்தால் பி12 குறைந்தால் ஏறும் மெத்தில்மலோனிக் அமிலமும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் நீங்களாக பி12 மாத்திரை எதுவும் போட்டுக்கொள்ளாதீர்கள், எண் ஏறிக் குழப்பிவிடும். குறைவு உறுதியானால் ஊசியில் தொடங்குவதே நல்லது. இரைப்பைதான் காரணம் என்றால் வாழ்நாள் முழுக்க பி12 தேவைப்படும். அப்புறம், லெவோதைராக்ஸின் உறிஞ்சப்படுவதும் இரைப்பை பாதிப்பால் குறையலாம் என்பதை உங்கள் மருத்துவரிடம் நினைவூட்டுங்கள்.

முகம் கழுவக் கண்ணை மூடும்போதோ இருட்டில் நடக்கும்போதோ தள்ளாடுகிறதா? கால் பலமிழந்து வருகிறதா? அப்படியென்றால் இந்த மூன்று நாள் கணக்கெல்லாம் வேண்டாம். இன்றே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், முடி மாத்திரையின் அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.