நியூயார்க் மேயர் தேர்தலில் மூன்றாவதாக இருந்தவர் இரண்டாம் இடத்துக்கு வந்தது எப்படி?

விருப்ப வரிசை வாக்குமுறைதான் காரணம். 2021இல் மேயர் வேட்பாளரைத் தேர்வு செய்ய ஜனநாயகக் கட்சி நடத்திய முதல்நிலைத் தேர்தலில் ஐந்து பேர் வரை 1, 2, 3 என வரிசைப்படுத்தலாம். முதல் விருப்பத்தில் எவரும் பாதியைத் தாண்டவில்லை. எனவே கடைசியில் இருந்தவர்கள் சுற்றுக்குச் சுற்று நீக்கப்பட, அவர்களின் வாக்குச்சீட்டுகள் அடுத்த விருப்பத்துக்குப் போயின. முதல் விருப்பத்தில் மூன்றாவதாக இருந்த கேத்ரின் கார்சியாவுக்கு இரண்டாம் விருப்பம் தரும்படி மற்றொரு வேட்பாளர் ஆண்ட்ரூ யாங் தன் ஆதரவாளர்களைக் கேட்டிருந்தார். யாங் நீங்கியதும் கார்சியாவின் கணக்கு ஏறியது. இரண்டாவதாக இருந்த மாயா வைலியை முந்தினார். கடைசிச் சுற்றில் எரிக் ஆடம்ஸிடம் ஏறத்தாழ 7,200 வாக்குகளில் தோற்றார்.

ஒரே பெயரைக் குறித்தால், அவர் நீங்கியதும் அந்தச் சீட்டு கணக்கிலிருந்தே விழுந்துவிடும். ஆகவே வரிசையை நிரப்புங்கள்.

என்னை உறுத்துவது வேறொன்று: கட்சியில் பதிவு செய்யாதவர்கள் இதில் வாக்களிக்கவே முடியாது. திறந்த முதல்நிலைத் தேர்தல் வேண்டும் என்பவர்களின் கோரிக்கை நியாயமானது.